யார் வந்து எழுப்புவார்கள்?

ஒரு டிஸ்க்கில் எழுதுவதையே இன்னொரு டிஸ்க்கிலும் எழுதி வைக்க வேண்டும். மிரரிங் என்பது அவ்வளவுதான். ஒன்று செத்துப்போனால் மற்றது கைகொடுக்கும். ரெய்டு வகைகளில் ரெய்டு1 போல எளிதாக விளக்கக்கூடியது வேறில்லை. பாரிட்டி கணக்கு கிடையாது, துண்டு துண்டாகப் பரப்புகிற வேலையும் கிடையாது. ஆனால் லினக்ஸ் கெர்னலின் எம்டி அடைவுக்குள் போய் ரெய்டு1 நிரலைத் திறந்து பாருங்கள், மூவாயிரம் வரிகளுக்கு மேல் போகும். ஒன்றையே இரண்டு இடத்தில் எழுதுவதற்கு இத்தனை வரிகள் எதற்கு?

எழுதுவதற்கு அதில் சில நூறு வரிகள் போதும். மீதி வேறு கவலைகளுக்கானது. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க் பழுதாகலாம். புது டிஸ்க்கைச் செருகியதும் பழையதிலிருந்து எல்லாவற்றையும் படியெடுக்கும் ரீசிங்க் வேலை பின்னணியில் மணிக்கணக்காக ஓடும். அதே நேரத்தில் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டே இருக்கும். மெமரி தீர்ந்து கெர்னல் திணறும். இவை எல்லாம் ஒன்றாகச் சேரும் நாளில் யாரும் யாருக்காகவும் முடிவில்லாமல் காத்து நிற்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த மூவாயிரம் வரிகளில் பெரும்பகுதி. நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படிக்கும் நிரல்களில் இதுவும் ஒன்று. டெட்லாக் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இதன் மாற்ற வரலாறு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பாடப்புத்தகம் சொல்வது தெரிந்ததுதான். 1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் எழுதிய கட்டுரையில் டெட்லாக் நேர நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு பொருளை ஒருவர் மட்டுமே வைத்திருக்க முடிய வேண்டும். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்க வேண்டும். பிடுங்க முடியாமல் இருக்க வேண்டும். காத்திருப்பு வட்டமாக முடிய வேண்டும். இதற்கு வகுப்பறையில் சொல்லும் தீர்வு, லாக்குகளை எப்போதும் ஒரே வரிசையில் எடு என்பது. அந்த ஒழுங்கை மீறினால் கையும் களவுமாகப் பிடிக்க, 2006-இல் இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டெ வெனும் லாக்டெப் என்ற கருவியைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தார்கள். ரெய்டு1 நிரலின் தலைப்பில் ஆசிரியர்களாக இருக்கும் பெயர்களில் முதலாவதும் அதே மோல்னார்தான். உடன் இருப்பவர்கள் மிகெல் டெ இகாசா, காடி ஆக்ஸ்மன்.

ஆனாலும் ரெய்டு1-இல் ஆண்டுக்கணக்காகத் தொல்லை கொடுத்த டெட்லாக்குகளில் பெரும்பாலானவை லாக்டெப் கண்ணில் படுபவை அல்ல. ஏனென்றால் அங்கே யாரும் லாக் வைத்துக்கொண்டு தூங்குவதில்லை. லாக்குகள் எல்லாம் நொடியின் சிறு பகுதிக்கு எடுத்து விடப்படுபவை. தூக்கம் எண்ணிக்கைகளின் மீது நடக்கிறது. ‘நிலுவையில் உள்ள கோரிக்கைகள் பூஜ்யமாகும் வரை தூங்கு’, ‘தடுப்பு இறங்கும் வரை தூங்கு’ என்பது போல. எண்ணிக்கைக்கு உரிமையாளர் கிடையாது. யார் அதைக் குறைக்கப் போகிறார், குறைப்பதற்கு அவருக்கு என்ன வேண்டும் என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. நிரலை எழுதுகிறவரின் மனத்தில் மட்டும் இருக்கிற தகவல் அது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு இது எப்படித் தெரியும்? சிபியு சும்மா இருக்கும், லோடு ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிஎஸ் கட்டளையில் டி நிலையில் சில ப்ராசஸ்கள் தெரியும். கில் மைனஸ் ஒன்பது போட்டாலும் அசையாது. எம்டிஸ்டாட்டில் ரீசிங்க் ஒரே சதவீதத்தில் நிற்கும், வேகம் சரிந்துகொண்டே வரும். கடைசியில் கெர்னல் லாகில், இந்த டாஸ்க் 120 நொடிகளுக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது என்ற அறிவிப்பு வரும். டிஸ்க் இரண்டும் நலமாக இருக்கும், தரவும் பத்திரமாக இருக்கும். ஆனால் அதைத் தொட முடியாது. தரவைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடே தரவை அண்டவிடாமல் செய்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் பொறுக்க முடியாதது.

சரி, உள்ளே போவோம். முதலில் ரீசிங்க்கும் சாதாரண எழுத்தும் ஏன் முட்டிக்கொள்கின்றன என்று பார்த்துவிடலாம்.

ரீசிங்க் முதல் டிஸ்க்கிலிருந்து ஒரு பகுதியைப் படிக்கிறது. படித்ததை இரண்டாவது டிஸ்க்கில் எழுதுவதற்குள், ஒரு பயன்பாடு அதே இடத்தில் புதிய தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவிடுகிறது. அதன் பிறகு ரீசிங்க் தன் கையில் இருந்த பழைய தரவை இரண்டாவது டிஸ்க்கில் எழுதுகிறது. இப்போது ஒன்றில் புதியது, மற்றொன்றில் பழையது. இரண்டும் சமம் என்று கெர்னல் நம்புகிறது. இதைவிட மோசமான முடிவு ஒரு மிரருக்கு இருக்க முடியாது, ஏனென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இதைத் தடுக்கத்தான் ரெய்டு1-இல் பேரியர் என்ற தடுப்பு. சாதாரணக் கோரிக்கை உள்ளே நுழையும்போது, தடுப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும். இறங்கியிருந்தால் நிலுவை எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டு உள்ளே போகும், முடிந்ததும் ஒன்று கழிக்கும். ரீசிங்க் தொடங்கும்போது தடுப்பை உயர்த்தும். அதன் பிறகு புதிதாக யாரும் நுழைய முடியாது. ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் எல்லாம் முடித்து வெளியேறி, நிலுவை பூஜ்யமானதும் ரீசிங்க் தன் வேலையைத் தொடங்கும். ரீசிங்க்கே எல்லாரையும் பட்டினி போடாமல் இருக்க, தடுப்பை உயர்த்தும் முன் வெளியே யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்த்து, அவர்களை விட்டுவிட்டுத்தான் உயர்த்தும். ஒரே நேரத்தில் 32 ரீசிங்க் கோரிக்கைகளுக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பும் உண்டு.

தாளில் இது பிசகில்லாத வடிவமைப்பு. உள்ளே இருப்பவர்கள் எப்படியும் முடிப்பார்கள், ஏனென்றால் டிஸ்க் பதில் சொல்லும். அப்போது ரீசிங்க் தொடங்கும், முடியும், வெளியே நிற்பவர்கள் உள்ளே வருவார்கள். வட்டம் எங்கும் இல்லை. ஆனால் இந்த நியாயத்துக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. உள்ளே நுழைந்த கோரிக்கை டிஸ்க்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்ற அனுமானம்.

அந்த அனுமானம் 2007-இல் பொய்யானது. ரெய்டு1 நிரலில் ஒரு வரிகூட மாறாமல்.

அன்றைய கெர்னல் ஸ்டாக் மிகச் சிறியது. 64 பிட் எக்ஸ்86-இல்கூட 8 கேபிதான். அது 16 கேபி ஆனது 2014-இல், 3.15 பதிப்பில். ஃபைல் சிஸ்டத்தின் கீழ் எல்விஎம், அதன் கீழ் ரெய்டு, அதன் கீழ் இன்னொரு அடுக்கு என்று வைத்தால், மேலிருந்து வரும் ஒரு கோரிக்கை ஒவ்வொரு அடுக்கிலும் அடுத்த அடுக்கின் ஃபங்ஷனை அழைக்கும். அழைப்புக்குள் அழைப்பாகப் போய் ஸ்டாக் நிரம்பிவிடும். எம்டி அடுக்கை நெடுங்காலம் பராமரித்த நீல் பிரவுன் இதற்குக் கொடுத்த தீர்வு அழகானது. கோரிக்கை அனுப்பும் பொது ஃபங்ஷன் ஏற்கனவே இந்த த்ரெட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அதை மறுபடி அழைக்காமல், கோரிக்கையை அந்த த்ரெட்டுக்கே உரிய ஒரு பட்டியலில் போட்டுவிட்டுத் திரும்பு. வெளியே உள்ள லூப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். 2.6.22-இல் வந்தது இது. எத்தனை அடுக்கு வைத்தாலும் ஸ்டாக் ஆழமாகப் போகாது.

ஆனால் இந்த நாளிலிருந்து, ‘அனுப்பு’ என்ற ஃபங்ஷன் திரும்பி வந்துவிட்டது என்றால் கோரிக்கை போய்விட்டது என்று பொருள் இல்லை. நீங்கள் உங்கள் அடுக்கிலிருந்து வெளியேறி, லூப்புக்குத் திரும்பிய பிறகுதான் அது போகும். இடையில் நீங்கள் தூங்கினால் அதுவும் உங்களோடு தூங்கும்.

இதன் விளைவு 2012-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. எல்விஎம்முக்குக் கீழே ரெய்டு1 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வந்த ஒரு படிப்புக் கோரிக்கையை எல்விஎம் இரண்டாகப் பிரித்து இரண்டையும் ரெய்டு1-க்கு அனுப்புகிறது. இரண்டும் பட்டியலில் போய் உட்காருகின்றன. லூப் முதலாவதை எடுக்கிறது. ரெய்டு1 தடுப்பைப் பார்க்கிறது, இறங்கியிருக்கிறது, நிலுவையை ஒன்று கூட்டுகிறது. எந்த டிஸ்க்கில் படிக்கலாம் என்று தேர்ந்து அந்த டிஸ்க்குக்கான கோரிக்கையை ‘அனுப்புகிறது’. அது பட்டியலின் கடைசியில், இரண்டாவது பாதிக்குப் பின்னால் போய் நிற்கிறது. ரெய்டு1 திரும்புகிறது. சரியாக அந்தக் கணத்தில் இன்னொரு சிபியுவில் ரீசிங்க் த்ரெட் தடுப்பை உயர்த்துகிறது. நிலுவை ஒன்று இருப்பதைப் பார்த்து, அது பூஜ்யமாகக் காத்திருக்கிறது. நம் லூப் இரண்டாவது பாதியை எடுக்கிறது. ரெய்டு1 தடுப்பைப் பார்க்கிறது, உயர்ந்திருக்கிறது, தூங்குகிறது.

முடிந்தது கதை. இரண்டாவது பாதி ரீசிங்க் முடியக் காத்திருக்கிறது. ரீசிங்க் முதல் பாதி முடியக் காத்திருக்கிறது. முதல் பாதியின் டிஸ்க் கோரிக்கையோ தூங்குகிற த்ரெட்டின் பட்டியலிலேயே கிடக்கிறது. பையில் தபாலை வைத்துக்கொண்டே, அந்தத் தபால் போய்ச் சேர்ந்தால்தான் திறக்கும் கதவின் முன் தபால்காரர் உட்கார்ந்திருக்கிற நிலைமை. டிஸ்க்குக்கு எந்தக் கோரிக்கையும் வரவே இல்லை, அதனால் பதில் சொல்லவும் ஒன்றும் இல்லை. எந்த லாக்கும் யார் கையிலும் இல்லை.

நீல் பிரவுன் இதற்குச் செய்த திருத்தம் சில வரிகள்தான், ஆனால் நான் அதை மிக உயர்வாக மதிக்கிறேன். தடுப்பின் முன் தூங்கும் நிபந்தனையோடு ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார். தடுப்பு உயர்ந்திருந்தாலும், நிலுவை பூஜ்யமாக இல்லாமல், இந்த த்ரெட்டின் பட்டியலும் காலியாக இல்லாமல் இருந்தால், தூங்காதே, உள்ளே போ.

இந்த விதிவிலக்கு பாதுகாப்பானது என்று எப்படித் தெரியும்? நிலுவை பூஜ்யமாகவில்லை என்றால் ரீசிங்க் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. தடுப்பு உயர்த்தப்பட்டிருக்கிறது, முழுமையாக அமலுக்கு வரவில்லை. இந்த நிலையில் இன்னொருவரை உள்ளே விட்டால் ரீசிங்க் கொஞ்சம் தாமதமாகும், தரவு கெடாது. ரீசிங்க் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் நிலுவை பூஜ்யமாக இருக்கும், விதிவிலக்கு பொருந்தாது. இரண்டு நிபந்தனைகளில் ஒன்றை விட்டிருந்தாலும் தவறாகியிருக்கும். பட்டியல் நிபந்தனை இல்லையென்றால் ஓயாமல் வரும் கோரிக்கைகள் ரீசிங்க்கைத் தொடங்கவே விடாது. நிலுவை நிபந்தனை இல்லையென்றால் தரவே கெட்டுவிடும். தடுப்பின் நோக்கம் என்ன என்பதையும் அதன் செயல்முறை என்ன என்பதையும் தனித்தனியாகப் பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

இருந்தாலும் இது அந்த இடத்துக்கு மட்டுமான மருந்துதான். நோயின் வேர் பட்டியலின் ஒழுங்கில் இருந்தது. அது மெமரி பக்கத்திலும் தலைகாட்டியது.

கெர்னலில் மெமரி குறைந்தால், அழுக்கான பக்கங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டு அந்த இடத்தை மீட்கும். ஆனால் டிஸ்க்கில் எழுதக் கோரிக்கை உருவாக்க வேண்டும், அதற்கே மெமரி வேண்டும். ஸ்வாப் பகுதியே மிரரில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரெய்டு1 மெமரி கேட்கிறது, கெர்னல் அதற்காக ஒரு பக்கத்தை ஸ்வாப்புக்கு எழுதப் போகிறது, அந்த எழுத்து அதே ரெய்டு1-க்குள் வந்து நிற்கிறது. இதனால்தான் டிஸ்க் பாதையில் ஓடும் நிரல், ‘மெமரி கொடு, ஆனால் அதற்காக டிஸ்க் பக்கம் போகாதே’ என்ற கொடியோடு கேட்கிறது. கொடி மட்டும் போதாது, இல்லாத மெமரியை அது உண்டாக்காது. ஆகவே 2001-இல் மோல்னார் மெம்பூல் என்ற ஏற்பாட்டை எழுதினார். சில பொருட்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்வது. சாதாரண வழியில் மெமரி கிடைக்காதபோது கையிருப்பிலிருந்து கொடுப்பது. அதுவும் தீர்ந்தால் யாராவது திருப்பித் தரும் வரை தூங்குவது. ரெய்டு1 தன் கோரிக்கைப் பொருட்களுக்கு 256 கையிருப்பு வைத்திருந்தது.

மெம்பூல் கொடுக்கும் உத்தரவாதம் ஒரே ஒரு ஒழுக்கத்தின் மீது நிற்கிறது. எடுத்தவர், வேறு எதற்கும் அதே கையிருப்பை நம்பாமல், எடுத்ததைத் திருப்பித் தருவார். ஒருவர் ஒரே பூலிலிருந்து ஒன்றை எடுத்து, அதை வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேட்டால், உத்தரவாதம் அங்கேயே உடைந்துவிடும். கையிருப்பு எத்தனை பெரிதாக இருந்தாலும், அத்தனை பேர் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் நாள் வரும். எண்ணிக்கையைக் கூட்டுவதால் டெட்லாக் தீராது, அபூர்வமாகும். அபூர்வமான டெட்லாக் அடிக்கடி வருவதைவிடக் கொடியது என்பது என் கருத்து. சோதனையில் சிக்காமல், வாடிக்கையாளரின் சர்வரில், நள்ளிரவு பேக்கப் ஓடும்போது வரும்.

இந்த ஒழுக்கத்தை எல்லாரும் கடைப்பிடித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2007-க்குப் பிறகு அதுவும் போதவில்லை. ஒரு பெரிய கோரிக்கையை வெட்டி, முதல் துண்டை ‘அனுப்பிவிட்டு’, இரண்டாவது துண்டுக்கு அதே பூலில் கேட்கிறீர்கள். நேர்மையாக முதல் துண்டை அனுப்பிவிட்டதாகத்தான் நினைக்கிறீர்கள். அது உங்கள் பட்டியலில் கிடக்கிறது. நீங்கள் தூங்கினால் அது போகாது, போகாவிட்டால் பூலுக்குத் திரும்பாது. 2012-இல் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் இதற்கு ஒரு மீட்பு த்ரெட்டைக் கொண்டுவந்தார். மெமரிக்காகத் தூங்கப் போகும் முன், பட்டியலில் அந்தப் பூலைச் சேர்ந்த கோரிக்கைகள் இருந்தால், அவற்றை இன்னொரு த்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குவது. வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு பூலுக்கும் ஒரு மீட்பு த்ரெட் வைக்க வேண்டியிருந்தது, பெரும்பாலான நேரம் அவை சும்மா கிடந்தன. மெமரிக்காகத் தூங்குவதை அது காப்பாற்றியது, தடுப்பின் முன் தூங்குவதை அல்ல.

வேரில் கைவைத்தது 2017-இல், மறுபடி நீல் பிரவுன்தான். பட்டியலில் வந்த வரிசைப்படி எடுக்காமல், ஒரு அடுக்கு உருவாக்கிய கோரிக்கைகளில் கீழ் அடுக்குக்கானவற்றை முதலில் எடு, பிறகு அதே அடுக்குக்கானவை, பிறகு முன்பிருந்தே காத்திருப்பவை என்று மாற்றினார். அவ்வளவுதான். இப்போது முதல் பாதியின் டிஸ்க் கோரிக்கை, இரண்டாவது பாதி ரெய்டு1-ஐத் தொடும் முன்பே டிஸ்க்குக்குப் போய்விடும். இதோடு சேர்த்து அடுக்குகளுக்கு ஒரு நடைமுறை. கோரிக்கை பெரிதாக இருந்தால், உங்களால் கையாள முடிந்த முதல் துண்டை மட்டும் வெட்டிக் கையாளுங்கள். மீதியைப் பொதுப் பட்டியலுக்கே திருப்பி அனுப்பிவிட்டு வெளியேறுங்கள். உள்ளேயே லூப் போட்டு எல்லாத் துண்டுகளையும் முடிக்கப் பார்க்காதீர்கள். இந்த நடைமுறையைப் பின்பற்றிய அடுக்குகளுக்கு மீட்பு த்ரெட் தேவைப்படாமல் போனது.

இதிலும் ஒரு திருப்பம். வரிசை மாற்றத்துக்காகப் பட்டியலின் ஒரு பகுதி தற்காலிகமாக ஒதுக்கி வைக்கப்பட்டது. பட்டியல் காலியா என்று எட்டிப் பார்த்த நிரல்களின் கண்ணுக்கு அந்தப் பகுதி தெரியாமல் போனது. மிரரிங்கையும் துண்டு துண்டாகப் பரப்புவதையும் சேர்த்த ரெய்டு10-இல் தடுப்பின் முன் இருந்த அதே விதிவிலக்கும் அவற்றில் ஒன்று. அதனால் ஒரு பட்டியலுக்குப் பதில் இரண்டு பட்டியல்கள் கொண்ட வரிசையாக அது மாற்றப்பட்டது, எட்டிப் பார்ப்பவர்கள் இரண்டையும் பார்க்கும்படி. 2012-இன் மருந்து 2017-இன் மருந்தால் குருடாகி, மறுபடி கண் பெற்றது. மாற்றங்களை எழுதியவர் ஒருவரே, அந்த நிரலை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் மிகக் குறைவு. அப்படியும் இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அதே ஆண்டு ரெய்டு1-இன் தடுப்பும் மாறியது. டிஸ்க் முழுவதற்கும் ஒரே தடுப்புக் கணக்கு என்பதற்குப் பதிலாக, கோலி லி டிஸ்க்கை 64 எம்பி பகுதிகளாகப் பார்த்து, அவற்றை ஹாஷ் மூலம் வாளிகளில் பங்கிட்டார். பக்க அளவு 4 கேபி உள்ள கணினியில் 1,024 வாளிகள். ரீசிங்க் நடக்கும் பகுதி எந்த வாளியில் விழுகிறதோ அங்கே மட்டும் தடுப்பு. வேகத்துக்கான மாற்றம்தான், ஆனால் டெட்லாக் கோணத்தில் எனக்குப் பிடித்தது இதில் உள்ள ஒரு கட்டுப்பாடு. எந்தக் கோரிக்கையும் 64 எம்பி எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெட்டப்படும். ஏனென்றால் இரண்டு வாளிகளைத் தொடும் கோரிக்கை, ஒன்றில் நிலுவையைக் கூட்டிவிட்டு மற்றொன்றில் தூங்க வேண்டிவரும். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருப்பது என்ற 1971-இன் நிபந்தனை அங்கே நேராக நுழைந்துவிடும்.

இதுவரை சொன்னது வாசலில் நடப்பது. உள்ளே ரெய்டு1டி என்று ஒரு த்ரெட் இருக்கிறது. மிரர் ஒன்றுக்கு ஒன்று. படிப்பில் பிழை வந்தால் மறுபடி முயல்வது, எழுத்தில் பிழை வந்தால் டிஸ்க்கைப் பழுதென்று குறிப்பது, சூப்பர்பிளாக்கைப் புதுப்பிப்பது, தேங்கிய எழுத்துகளை அனுப்புவது எல்லாம் அதன் வேலை. இத்தனை வேலையும் ஒரே ஆளிடம் இருப்பதால், அந்த ஆள் எதற்காகக் காத்திருந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். காத்திருக்கும் வேலையைச் செய்யப்போவது அதே ஆளா?

2015-இல் ஒரு சரியான திருத்தம் வந்தது. ஒரு எழுத்து ஒரு டிஸ்க்கில் தோற்று மற்றொன்றில் வெற்றி பெறுகிறது. ‘எழுதியாகிவிட்டது’ என்று பயன்பாட்டிடம் சொல்லிவிட்டு, தோற்ற டிஸ்க் பழுது என்பதைச் சூப்பர்பிளாக்கில் எழுதும் முன் மின்சாரம் போனால்? மறுபடி துவங்கும்போது பழைய தரவுள்ள டிஸ்க்கை நல்லதென்று நம்பிவிடலாம். அதனால், பழுது பதிவாகும் வரை வெற்றிச் செய்தியைச் சொல்லாமல், அந்த எழுத்துகளைத் தனிப் பட்டியலில் நிறுத்தி வைப்பது என்று ஆனது. அந்தப் பட்டியலைக் காலி செய்வதும் ரெய்டு1டியின் வேலை.

அதே நேரத்தில் இன்னொரு படிப்புக் கோரிக்கையிலும் பிழை வருகிறது. அதைச் சரிசெய்ய ரெய்டு1டி மிரர் முழுவதையும் ஒரு கணம் உறையவைக்கும். புதிதாக யாரையும் விடாமல், நிலுவையில் உள்ள ஒவ்வொன்றும் முடிந்திருக்க வேண்டும் அல்லது மறுமுயற்சிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று காத்திருக்கும். அதாவது, நிலுவை எண்ணிக்கையும், வரிசையில் உள்ளவை கூட்டல் கையில் உள்ள ஒன்றும் சமமாக வேண்டும். புதிய தனிப் பட்டியலில் நிற்கும் எழுத்துகள் நிலுவைக் கணக்கில் உண்டு, வரிசைக் கணக்கில் இல்லை. சமன்பாடு ஒருபோதும் பொருந்தாது. அந்தப் பட்டியலைக் காலி செய்ய வேண்டிய ரெய்டு1டி, அது காலியாகக் காத்துக்கொண்டு நிற்கிறது. 2016-இல் இதைத் திருத்தினார்கள். தனிப் பட்டியலில் உள்ளவற்றையும் வரிசைக் கணக்கில் சேர்த்தார்கள், தீர்ந்தது. தரவைப் பாதுகாக்க ஒரு புதிய நிறுத்தும் இடம் சேர்த்தபோது, அந்த இடம் இருப்பதை உறையவைக்கும் கணக்குக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது யாராவது டிஸ்க் நிரலில் புதிதாக ஒரு வரிசை சேர்த்தால், நான் முதலில் தேடுவது அதைக் கணக்கில் எடுக்க வேண்டிய காத்திருப்புகளைத்தான்.

2007-இல் பொய்யான அந்த அனுமானம் அதோடு விடவில்லை. மிரரில் எழுதும் முன், எந்தப் பகுதியில் எழுதப்போகிறோம் என்று பிட்மேப்பில் குறித்து, அந்தக் குறிப்பு டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்த பிறகுதான் தரவை எழுத வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால் அந்தப் பகுதிகளை மட்டும் ரீசிங்க் செய்தால் போதும். ஆனால் கோரிக்கை அனுப்பும் பாதைக்குள் இருந்துகொண்டே பிட்மேப்பை எழுதிவிட்டுக் காத்திருந்தால், பிட்மேப் எழுத்து அதே த்ரெட்டின் பட்டியலில் போய் உட்காரும். அது போக நாம் வெளியேற வேண்டும், நாம் வெளியேற அது முடிய வேண்டும். 2023-இல், ரெய்டு1-க்கும் ரெய்டு10-க்கும் பொதுவான நிரலில், த்ரெட்டுக்குப் பட்டியல் இருந்தால் பிட்மேப் எழுத்தை வேறொரு பணி வரிசைக்குத் தள்ளும்படி செய்தார்கள். ஏன் என்பதை அங்கேயே ஒரு பத்தி குறிப்பாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். 16 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பொறி. அந்தக் குறிப்பு நிரலைவிட முக்கியம் என்பேன். காத்திருப்பின் காரணத்தை எந்தக் கருவியும் சரிபார்க்காதபோது, அடுத்து வருபவருக்கு அது மட்டுமே ஆதாரம்.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் பௌல்-ஹென்னிங் காம்ப் வடிவமைத்த ஜியோம் அடுக்கில் கோரிக்கை கீழே போக ஒரு த்ரெட், பதில் மேலே வர ஒரு த்ரெட். அந்த இரண்டு த்ரெட்டுகளிலும் தூங்கக் கூடாது என்பது சட்டம், கெர்னலே அதைக் கண்காணிக்கிறது. 2004-இல் 5.3 பதிப்போடு வந்த பாவெல் யாகுப் டாவிடெக்கின் ஜிமிரர், இதன் மேல் மிரர் ஒன்றுக்கு ஒரு வேலையாள் த்ரெட் வைத்து ஓடுகிறது. ரீசிங்க் நடக்கும் இடத்தில் ஒரு சாதாரணக் கோரிக்கை வந்து மோதினால், யாரும் தூங்குவதில்லை. அந்தக் கோரிக்கை ‘பிறகு’ என்ற வரிசையில் வைக்கப்படுகிறது, ரீசிங்க் அந்த இடத்தைத் தாண்டியதும் எடுக்கப்படுகிறது. காத்திருப்பது கோரிக்கை, த்ரெட் அல்ல. 2012-இல் லினக்ஸ் சந்தித்த டெட்லாக் இந்த வடிவத்தில் எழவே வழியில்லை. எனக்கு இந்த முறைதான் மனத்துக்கு நெருக்கமானது. ஆனால் எல்லாமே ஒரு வேலையாள் த்ரெட் வழியாகப் போவதன் விலை, பல சிபியுக்களும் வேகமான எஸ்எஸ்டிகளும் உள்ள கணினியில் கணிசமானது. கோரிக்கையைக் கொண்டுவந்த த்ரெட்டே கடைசி வரை கொண்டுபோவதில் லினக்ஸ் வேகம் பெறுகிறது, அந்த வேகத்துக்காகத்தான் மேலே சொன்ன நுணுக்கங்களை எல்லாம் சுமக்கிறது.

இதையெல்லாம் சொந்தமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, விலை உயர்ந்த சர்வர் தேவையில்லை. ஒரு விர்ச்சுவல் மெஷினில் இரண்டு லூப் டிவைஸ்களை வைத்து எம்டிஎட்மில் ஒரு ரெய்டு1 கட்டுங்கள். ஒரு பக்கத்தின் கீழே டிஎம்-டிலே வைத்துத் தாமதத்தைக் கூட்டுங்கள், இன்னொரு பக்கம் டிஎம்-ஃப்ளேக்கி வைத்து அவ்வப்போது பிழை வரச் செய்யுங்கள். மேலே எல்விஎம் போட்டு ஒரு ஃபைல் சிஸ்டம். மெமரியைக் குறைத்துக் கொடுத்து, ஸ்வாப்பையும் அதே மிரரில் வையுங்கள். பிறகு சிங்க் ஆக்‌ஷனில் ‘செக்’ என்று எழுதி ரீசிங்க் பாதையை ஓடவிட்டு, மேலே எழுத்தும் படிப்பும் கலந்து கொடுங்கள். காத்திருப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

ஏதாவது முடங்கினால் ரீபூட் செய்யாதீர்கள். சிஸ்ஆர்கியூ டபிள்யூ கொடுத்தால் தூங்கும் த்ரெட்டுகளின் ஸ்டாக் அனைத்தும் லாகில் விழும். ரீசிங்க் த்ரெட் தடுப்பை உயர்த்தும் ஃபங்ஷனிலும், பயன்பாடு தடுப்புக்குக் காத்திருக்கும் ஃபங்ஷனிலும் நிற்பதைப் பார்த்ததும் பலர் அந்த இரண்டின் மீதே பழி போட்டுவிடுகிறார்கள். அவை இரண்டும் ஒழுங்காகத்தான் தூங்குகின்றன. நிலுவையைக் குறைக்க வேண்டிய அந்த மூன்றாவது ஆள் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். ரெய்டு1டியின் ஸ்டாக்கை முதலில் பாருங்கள். அது சும்மா வேலைக்காகக் காத்திருந்தால், தடுப்பின் முன் தூங்கும் ஒவ்வொரு த்ரெட்டையும் எடுத்து, அனுப்பும் ஃபங்ஷன் அதன் ஸ்டாக்கில் கீழே எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த த்ரெட்டின் பட்டியலில்தான் உங்கள் தொலைந்த கோரிக்கை கிடக்க அதிக வாய்ப்பு.